தொழிலுக்குப் புதிய மனநல ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மனநல ஆலோசனைக்குப் போவது என்று முடிவெடுப்பதற்கே பலருக்கும் பல மாதங்கள் ஆகிவிடுகின்றன. அதன் பிறகு தெரிந்தவர்களிடம் கூச்சத்தோடு விசாரித்து, இரண்டு மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தால், பெயர் பெற்ற ஆலோசகருக்கு அடுத்த மாதம்வரை நேரமில்லை என்றும், அவருடைய கட்டணம் நம் கைக்கு எட்டாது என்றும், அதே மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒருவர் மட்டும் வரும் செவ்வாய்க்கிழமை மாலையே பார்ப்பார் என்றும் தெரியவருகிறது. "படிப்பு முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஆனால் நன்றாகப் பார்ப்பார்" என்று வரவேற்பில் இருப்பவர் சொல்லும்போது மனம் பின்வாங்குகிறது. பல் பிடுங்குவதற்கே கைராசியான டாக்டரைத் தேடுகிற நாம், மனத்தைக் கொண்டுபோய் ஒரு புதியவர் கையில் கொடுக்கத் தயங்குவது நியாயமே. அந்தத் தயக்கத்தை எந்தெந்தக் கேள்விகளாக மாற்றிக்கொண்டால் பயன்படும் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்தத் தேவை வந்தது என் அப்பா இறந்து ஏழு மாதம் கழித்து. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். முதலில், இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழிலில் இருந்த ஒருவரிடம் மூன்று முறை போனேன். மூன்றாவது முறையும் அவர், இறந்தது அப்பாவா அம்மாவா என்று கேட்டார். பிறகு வேறு வழியில்லாமல், எம்.ஃபில். முடித்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண்ணிடம் போனேன். அவர் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். இரண்டாவது அமர்வில், அப்பாவுக்குக் கடைசியாக ஊட்டிய கஞ்சியை அவர் துப்பிவிட்டதையும், அதற்கு நான் கோபப்பட்டதையும், அந்தக் காட்சி மட்டும் திரும்பத் திரும்ப வருவதையும் சொல்லி, இது துக்கமா, குற்ற உணர்ச்சியா, நோயா என்று கேட்டேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இதுக்கு எனக்கு இப்பவே பதில் சொல்லத் தெரியல மேடம். உங்க பேரைச் சொல்லாம என் சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு அடுத்த வாரம் பேசறேன். அதுக்கு முன்னாடி, அந்தக் கஞ்சி குடுத்த நாளைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்றீங்களா?" என்றார்.

அன்று எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் அவர் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் சொன்ன நாளின் விவரங்களும் ஒன்றுவிடாமல் அவர் நினைவில் இருந்தன. என் தூக்கம் திரும்பியது அந்தப் பெண்ணிடம்தான். அதற்குப் பிறகு எத்தனையோ நண்பர்களும் உறவினர்களும் "யாரிடம் போகலாம்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: ஆலோசகர் எத்தனை வருடம் தொழிலில் இருக்கிறார் என்பதைவிட, தனக்குத் தெரியாததை ஒப்புக்கொள்கிறாரா, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பாருங்கள்.

இதற்கு ஆய்வின் துணையும் ஓரளவு உண்டு. அமெரிக்காவில் 170 சிகிச்சையாளர்களிடம் சிகிச்சை பெற்ற 6,591 பேரின் முன்னேற்றத்தை ஆராய்ந்து 2016இல் வெளியான ஒரு கட்டுரை, ஆண்டுகள் கூடக்கூடச் சிகிச்சையாளர்கள் தாமாகவே மேம்பட்டுவிடுவதில்லை என்று காட்டியது. சராசரியாகப் பார்த்தால் மிகச் சிறிய சரிவுகூடத் தெரிந்தது. சிலர் மேம்பட்டார்கள், சிலர் பின்தங்கினார்கள். அதே ஆய்வில், அனுபவம் கூடியவர்களிடம் பாதியிலேயே நின்றுவிடுவோர் குறைந்திருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அனுபவம் வீணல்ல, ஆனால் அதை மட்டுமே வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

யார், என்ன படித்தவர்?

நம் ஊரில் "கவுன்சிலர்" என்ற ஒரே பலகையின் கீழ் பல விதமான படிப்புகள் ஒளிந்திருக்கின்றன. புதியவரைத் தேர்ந்தெடுக்கும்போது படிப்பை விசாரிப்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவரிடம் இப்போதைக்குக் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்துப் பிறகு மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்திருக்கும் பெயர். பொதுவாக அவர் உளவியலில் முதுகலை முடித்து, அதன் மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். படித்து, அந்தக் காலத்தில் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவராக இருப்பார். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் கவுன்சிலின் இணையதளத்தில் நாமே தேடிப் பார்க்கலாம். பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், பதிவு எண்ணோடு செல்லுபடியாகும் நாளையும் சேர்த்துப் பாருங்கள்.

இவர்களைத் தவிர, உளவியலிலோ ஆலோசனை உளவியலிலோ எம்.எஸ்சி. முடித்தவர்கள், எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் மருத்துவ மற்றும் மனநலப் பிரிவை எடுத்தவர்கள், ஓராண்டுப் பட்டயம் பெற்றவர்கள், வார இறுதி வகுப்பில் ஒரு சான்றிதழ் வாங்கியவர்கள் என்று பலரும் ஆலோசனை வழங்குகிறார்கள். உளவியலாளர்கள், ஆலோசகர்கள் உள்ளிட்ட பல தொழிலினரை ஒரு பதிவு முறைக்குள் கொண்டுவருவதற்காக, துணை மற்றும் உடல்நலப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் இயற்றப்பட்டது. ஆனாலும் நடைமுறையில் விசாரிக்கும் பொறுப்பு இன்னும் நம் தலையில்தான் இருக்கிறது. முதுகலை முடித்த நல்ல ஆலோசகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. நேரில் ஆட்களைப் பார்த்துப் பயிற்சி பெறாமல் காணொளி வகுப்பில் மட்டும் படித்துச் சான்றிதழ் வாங்கியவரிடம் போகவேண்டாம் என்று மட்டும் அழுத்தமாகச் சொல்வேன்.

புதியவர்களிலும் மூன்று விதம் உண்டு. பெங்களூருவில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற பயிற்சி நிறுவனங்களில் படித்துக்கொண்டே நோயாளிகளைப் பார்க்கிறவர்கள் ஒரு விதம். பயிற்சி பெறுகிறவர் என்ற பெயரைக் கேட்டு நாம் அஞ்சினாலும், அவர் பார்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் பேராசிரியர் ஒருவரிடம் விவாதித்தே ஆகவேண்டும் என்பதால் இது பாதுகாப்பான ஏற்பாடு. படிப்பு முடித்து மருத்துவமனையிலோ ஆலோசனை மையத்திலோ மூத்தவர்களோடு வேலை செய்கிறவர்கள் இரண்டாவது விதம். படிப்பு முடித்த கையோடு வீட்டு அறையில் உட்கார்ந்து இணையவழியில் தனியாகத் தொழிலைத் தொடங்கியவர்கள் மூன்றாவது விதம். மூன்றாவது விதத்தாரிடம் போகவே கூடாது என்பதில்லை. ஆனால் அடுத்து சொல்லப்போகும் கேள்வியை அவர்களிடம் விடாமல் கேட்க வேண்டும்.

மேற்பார்வையாளர் யார் என்று கேளுங்கள்

நேரம் வாங்குவதற்கு முன்பு ஆலோசகரிடமே பத்து நிமிடம் தொலைபேசியில் பேசக் கேளுங்கள். பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள். உங்கள் பிரச்சினையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, "நீங்கள் பார்க்கிறவர்களைப் பற்றி விவாதிக்க உங்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கிறாரா? எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுவீர்கள்?" என்று கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்காகப் பயிற்சி பெற்றவருக்கு இது பழக்கமான கேள்வி. அவருடைய ஆசிரியர்களே அதை அவருக்குச் சொல்லியிருப்பார்கள்.

நல்ல பதில் எப்படி இருக்கும் என்றால், வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ இன்னார் என்று ஒரு மூத்தவரைக் குறிப்பிட்டு, உங்கள் பெயரையும் அடையாளத்தையும் மறைத்துத்தான் அவரிடம் பேசுவேன் என்றும் சேர்த்துச் சொல்வார். "தேவைப்பட்டால் கேட்பேன்" என்பது நழுவலான பதில், ஏனென்றால் புதியவருக்குத் தேவை எப்போது வருகிறது என்பதே சில சமயம் தெரியாது. "எனக்கு அதெல்லாம் தேவையில்லை, எல்லாக் கேஸையும் நானே பார்ப்பேன்" என்று ஒருவர் சொன்னால், நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிடலாம். மேற்பார்வையாளரின் படிப்பையும் கேளுங்கள். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாட்ஸப் குழுவில் விவாதிப்பது ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்கலாமே தவிர மேற்பார்வை ஆகாது.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. புதியவர்களிடம் வழக்கமாக வருகிற தவறுகள் அறியாமையால் வருவதைவிடப் பதற்றத்தால் வருகின்றன. எதிரே ஒருவர் அழும்போது அமைதியாக இருக்க முடியாமல் உடனே ஏதாவது அறிவுரை சொல்லிவிடுவார். வகுப்பில் கொடுத்த பயிற்சித்தாளை நமக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் நிரப்பச் சொல்வார். தன்னால் முடியாத ஒன்றைத் தோல்வியாக நினைத்து, வேறொருவரிடம் அனுப்பவேண்டிய நேரத்தில் அனுப்பாமல் வைத்துக்கொள்வார். இந்த மூன்றையும் பார்த்துத் திருத்துவது மேற்பார்வையாளரின் வேலை. அவர் இருந்தால், உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர் என்றாலும் உங்களைப் பற்றி யோசிப்பவர்கள் இரண்டு பேர்.

அந்தத் தொலைபேசிப் பேச்சில் இன்னும் ஒன்றைக் கேட்கலாம்: "என்னுடைய பிரச்சினை போன்ற ஒன்றை இதற்கு முன்பு பார்த்திருக்கிறீர்களா?" பார்த்ததில்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்க வேண்டியதில்லை. பார்த்ததில்லை என்பதை அவர் எப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். நேராகச் சொல்லி, யாரிடம் கேட்டு எப்படித் தொடங்குவார் என்றும் சொன்னால் போகலாம். இத்தனை நாளில் முழுதாகக் குணமாக்கிவிடுவேன் என்று உறுதி கொடுப்பவரை, அவர் புதியவரானாலும் பழையவரானாலும், தவிர்த்துவிடுங்கள்.

தமிழில் பேச முடியுமா?

இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல். உளவியல் படிப்பு நம் நாட்டில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. பல ஆண்டுகள் தமிழ் பேசும் மக்களோடு உட்கார்ந்து பேசிய ஆலோசகர், தன் படிப்பைத் தானே தமிழுக்குக் கொண்டுவந்திருப்பார். புதியவருக்கு அந்த அவகாசம் கிடைத்திருக்காது. நாம் "நெஞ்சு அடைக்குது" என்போம். அவர் அதை "ஆங்சைட்டி" என்று எழுதிக்கொள்வார். நாம் "மனசு ஒரு மாதிரியா இருக்கு" என்போம், அவர் "டிப்ரெஷனா?" என்று கேட்பார். "வயித்தப் பெசையுது", "எதுலயும் பிடிப்பு இல்ல", "வாழ்ந்தது போதும்னு இருக்கு" என்று நாம் சொல்வதில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடை இருக்கிறது. கடைசியாகச் சொன்னதைப் பாருங்கள். அறுபது வயது அம்மா ஒருவர் அலுப்பில் சொல்லும் பேச்சாகவும் அது இருக்கலாம், உயிரை விடும் எண்ணமாகவும் இருக்கலாம். எது என்று அவர் நிறுத்திக் கேட்க வேண்டும்.

எனவே, முதல் அமர்விலேயே நீங்கள் வீட்டில் பேசுவதுபோலப் பேசிப் பாருங்கள். உங்கள் சொல்லை அவர் ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிட்டு அதையே பிடித்துக்கொண்டு பேசுகிறாரா, அல்லது "நெஞ்சு அடைக்குதுன்னா எப்ப அடைக்குது, அப்ப என்ன நினைப்பீங்க?" என்று உங்கள் சொல்லிலேயே உள்ளே வருகிறாரா என்று கவனியுங்கள். இரண்டாவது விதத்தில் கேட்பவர் ஒரு வருட அனுபவத்தில் இருந்தாலும் அவரிடம் தொடரலாம். அவர் கொடுக்கும் தாள்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தமிழில் எழுதித்தரக் கேளுங்கள். அக்கறை உள்ள புதியவர் அதை உட்கார்ந்து எழுதிக்கொண்டு வருவார்.

இதோடு சேர்ந்ததுதான் வயது. "கல்யாணமே ஆகாத பொண்ணுக்குக் குடும்பக் கஷ்டம் என்ன தெரியும்?" என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் எழும். என் சித்தி என்னிடம் அதைத்தான் கேட்டார். ஆலோசகர் தன் வாழ்க்கையிலிருந்து பதில் எடுத்துத் தருவதில்லை; அப்படித் தர ஆரம்பித்தால்தான் கவலைப்பட வேண்டும். நம் வாழ்க்கையைக் கேட்டு, அதிலேயே நமக்கு வழி தெரிய உதவுவது அவர் வேலை. ஆனாலும் உறுத்தல் இருந்தால் மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல், "நீங்கள் என் மகள் வயது, இதை உங்களிடம் பேசக் கூச்சமாக இருக்கிறது" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முகம் சுருங்காமல் அதைப் பற்றியே உங்களோடு பேச முடிகிறவர் நல்ல ஆலோசகராக வருவார். "மேடம்" என்று அழைப்பதா, "அம்மா" என்று அழைப்பதா என்பதை உங்களிடமே கேட்டுக்கொள்வதும் நல்ல அடையாளம்.

நாலு பேருக்குத் தெரியாமல் இருக்குமா?

சென்னையைத் தாண்டிவிட்டால், ஆலோசகர் நம் சித்தப்பா மகளோடு படித்தவராக இருப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்பதை உரிமையாகத் தருகிறது. விதிவிலக்குகளும் அதிலேயே உண்டு: உயிருக்கு ஆபத்து என்றாலோ, இன்னொருவருக்குத் தீங்கு நேரும் என்றாலோ, நீதிமன்றம் ஆணையிட்டாலோ தேவையான அளவு சொல்லலாம். குழந்தை மீதான பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த எல்லைகளை நீங்கள் கேட்பதற்கு முன்பே, முதல் அமர்வின் தொடக்கத்திலேயே ஆலோசகர் உங்களுக்கு விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்குவது முறை. புதிதாகப் படித்து வந்தவர்கள் இதைப் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்கிறார்கள். பாடம் மனத்தில் பசுமையாக இருக்கிறது.

அவர்கள் சறுக்குகிற இடம் வேறு. தொழிலை வளர்க்க இன்ஸ்டாகிராமில் எழுத வேண்டியிருக்கிறது, ரீல்ஸ் போட வேண்டியிருக்கிறது; அப்போது "நேற்று ஒரு கிளையன்ட் என்னிடம் சொன்னார்" என்று ஒரு கதை வந்துவிடுகிறது. பெயர் இருக்காது. ஆனால் சொன்னவர் அதைப் பார்த்தால் தன்னைத்தான் என்று அறிந்துகொள்வார். நேரம் வாங்குவதற்கு முன்பு அவருடைய பக்கத்தைப் பத்து நிமிடம் புரட்டிப் பாருங்கள். பொதுவான விளக்கங்கள் மட்டும் இருந்தால் நல்லது. ஆட்களின் கதைகள் இருந்தால், நாளை உங்கள் கதையும் அங்கே வரும். இணையவழி அமர்வு என்றால், அவர் தனி அறையில் இருக்கிறாரா, காதில் ஹெட்போன் மாட்டிப் பேசுகிறாரா என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஊர், சாதி, சொந்தபந்தம் என்று சிகிச்சைக்குத் தேவையில்லாமல் துருவுகிறவரைத் தவிருங்கள்.

புதியவரிடம் முதலில் போகக்கூடாத நிலைமைகள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, பல நாட்கள் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பணத்தை வாரி இறைப்பது, பிரசவத்துக்குப் பின் தாய் குழம்பிப் பேசுவது, சாப்பாட்டை ஒதுக்கி உடல் எடை சரிந்துகொண்டே போவது ஆகியவற்றுக்கு முதலில் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர். பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவர் குடியைத் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்புவரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதை மருத்துவ மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. நிலைமை கட்டுக்குள் வந்த பிறகு, மருத்துவர் சொல்லி, புதிய ஆலோசகர் ஒருவர் அவரோடு சேர்ந்து வேலை செய்வது நல்ல ஏற்பாடுதான்.

தற்கொலை எண்ணம் இருந்தால், அதிலும் எப்படி, எப்போது என்று திட்டம் மனத்தில் ஓடினால், செவ்வாய்க்கிழமை அமர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மனஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும். பக்கத்தில் ஒருவரை இருக்க வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சிறு வயதில் நேர்ந்த பாலியல் வன்முறை, அடி உதை நடக்கும் திருமண உறவு ஆகியவற்றையும் நான் இதோடு சேர்ப்பேன். வீட்டில் வன்முறை நடக்கும்போது கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச முற்படும் புதிய ஆலோசகர், நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்; ஆனால் அறையில் மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டுக்குப் போனதும் அடி விழும். இப்படிப்பட்டதில் பயிற்சி பெற்ற மூத்தவரிடமே போகவேண்டும். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணும் இருக்கிறது.

மற்றபடி துக்கம், வேலைச் சுமை, தேர்வு பயம், திருமணத்துக்கு முன்னும் பின்னும் வரும் குழப்பங்கள், புதிய ஊரின் தனிமை, அளவான படபடப்பு, அளவான மனச்சோர்வு ஆகியவற்றுக்கு, மேற்பார்வையோடு வேலை செய்யும் புதியவர் போதும். அவர் தொடக்கத்திலேயே "தைராய்டு, இரத்தசோகை பரிசோதனை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் அவரை மெச்சிக்கொள்ளலாம், உடலில் இருக்கும் கோளாறு மனச்சோர்வுபோலத் தோன்றக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கட்டணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. புதியவர்கள் பொதுவாகக் குறைவாகவே வாங்குவார்கள்; வசதிக்கேற்பக் குறைத்துக்கொள்ளவும் செய்வார்கள், கேளுங்கள். வர முடியாத நாளுக்குப் பணம் உண்டா, ரசீது உண்டா என்பதை முன்பே பேசிவிடுங்கள். பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்; பிடிக்காவிட்டாலும் போன பணத்துக்காகத் தொடர வேண்டிவரும்.

முதல் ஐந்தாறு அமர்வுகள்

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் ஒரு கருத்தைச் சொன்னார். சிகிச்சை உறவு மூன்று கால்களில் நிற்கிறது: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, ஒருவர் மீது ஒருவருக்கு நம்பிக்கை. நான்காவது அமர்வு முடிந்து வெளியே வரும்போது இந்த மூன்றையும் உங்களையே கேட்டுப் பாருங்கள். "தூக்கம் திரும்ப வேண்டும்" என்று நீங்கள் வந்திருக்க, அவர் உங்கள் பால்யத்தையே தோண்டிக்கொண்டிருந்தால் முதல் கால் ஆடுகிறது. அவர் சொன்ன மூச்சுப் பயிற்சியை ஏன் செய்கிறோம் என்று உங்களுக்கே விளங்கவில்லை என்றால் இரண்டாவது ஆடுகிறது.

ஆடுகிறது என்று தெரிந்தவுடன் நின்றுவிடாதீர்கள். சொல்லாமல் நின்றுவிடுவது நம் பழக்கம். அவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்து, "ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறோம். புதியவரிடம் போவதில் இருக்கும் பெரிய நன்மையை அங்கேதான் இழக்கிறோம். அவருக்கு இன்னும் ஒரு தனி வழி இறுகிப்போகவில்லை. "நீங்கள் சீக்கிரமாக யோசனை சொல்லிவிடுகிறீர்கள், நான் இன்னும் பேசி முடிக்கவில்லை" என்று நான் ஒருமுறை சொன்னேன். அவர் காது சிவந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து நான் பேசி முடித்த பிறகு, "முடிச்சிட்டீங்களா, இன்னும் இருக்கா?" என்று கேட்காமல் அவர் வாய் திறந்ததில்லை.

அளந்து பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், உங்களைத் தொந்தரவு செய்வது எதுவோ அதற்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள். விழித்துக்கொண்ட இரவுகள், சாப்பிடாமல் விட்ட வேளைகள், அலுவலகத்துக்குப் போகாத நாட்கள் என்று எதையும் எண்ணலாம். ஆறு வாரத்துக்குப் பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் முன் வையுங்கள். ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு மாற்றமும் இல்லை என்றாலோ, மோசமாகிக்கொண்டே போகிறது என்றாலோ, அதை மேற்பார்வையாளரிடம் எடுத்துப் போகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அவர் வழியை மாற்றிப் பார்க்க வேண்டும், அல்லது வேறு ஒருவரிடம் அனுப்ப வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நீங்கள் விலகிக்கொள்வதில் தவறே இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. புதியவர்கள் ஓரிடத்தில் நிலைப்பதற்கு நாளாகும். மேற்படிப்பு, வேறு மருத்துவமனை, திருமணம், வெளிநாடு என்று இரண்டு மூன்று ஆண்டுகளில் இடம் மாறிவிடுவார்கள். பாதி வழியில் அப்படி நேர்வது உங்களுக்குக் கடினமாக இருக்கும், அதிலும் பிரிவுத் துயரத்துக்காகவே போனவர்களுக்கு மிகவும் கடினமாக இருக்கும். ஆகவே தொடங்கும்போதே, போவதாக இருந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், அடுத்தவருக்குக் கொடுக்க ஒரு குறிப்பு எழுதித்தர வேண்டும் என்று கேட்டுவையுங்கள். எனக்கு ஆலோசகராக இருந்தவர் ஐந்து வாரம் முன்னால் சொன்னார். கடைசி நாளில் இரண்டு பக்கக் குறிப்பை என் கையில் கொடுத்து, உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்பு என்னையே படிக்கச் சொன்னார். எப்போது வந்தேன், எதற்காக வந்தேன், எதை முயன்றோம், எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று அதில் தமிழில் எழுதியிருந்தது. தேதி ஒன்று தவறாக இருந்தது. சொன்னேன், அங்கேயே திருத்திக் கையெழுத்துப் போட்டார். உங்களுக்கும் அப்படி ஒரு குறிப்பு தரப்படும்போது, அறையை விட்டு வருவதற்கு முன்பு ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.